என் மெல்லிசான கருவிழி

நாலாம் ஆண்டு படிக்கும்போதே எனக்குக் கண்ணாடி வந்துவிட்டது. கரும்பலகையில் டீச்சர் எழுதுவதை நான் பலகையைப் பார்த்து எழுதவில்லை, பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறேன் என்பதை அவர்தான் கண்டுபிடித்து அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அதற்குப் பிறகு வருஷத்துக்கு வருஷம் பவர் கூடியது. கல்யாணமாகி டிக்கோயாவுக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தத் தோட்டத்து வீட்டுக்கு வந்தபோது, கண்ணாடி இல்லாமல் என் கையை நீட்டினால் விரல்களை எண்ண முடியாது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால்தான் விரல் விரலாகத் தெரியும்.

ஆனால் அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டால் எனக்குத் தெரிகிற மாதிரி யாருக்கும் தெரியாது. ரேகைக்குள் இருக்கிற ரேகை தெரியும். அம்மா தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்து, கையில் முள் ஏறிவிட்டது என்று என்னிடம்தான் நீட்டுவார். நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து ஊசியால் எடுத்துவிடுவேன். அதை ஒரு திறமை என்று நானும் நினைத்ததில்லை, வீட்டிலும் யாரும் நினைத்ததில்லை.

ஹட்டனில் ஒரு பெண்மணி நடத்திய வகுப்பில் கேக் செய்யக் கற்றுக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலேயே செய்து கொடுக்க ஆரம்பித்தேன். முதலில் பக்கத்து லயத்து வீடுகளில் பிறந்தநாள் கேக். அப்புறம் வயதுக்கு வந்த பிள்ளைகளின் சடங்குக்குக் கேக். அப்புறம் டவுனிலிருந்து கல்யாணக் கேக்கும் வந்தது. எல்லாரும் கேட்டது நான் செய்கிற ரோஜாவைத்தான். நகக்கண் அளவில் ஐசிங்கில் ரோஜா செய்து, கேக்கைச் சுற்றிக் கொடியாக வைப்பேன். இதழ் ஒவ்வொன்றின் விளிம்பும் சுருண்டிருக்கும். அந்த வேலைக்கு உட்காரும்போது கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்துவிடுவேன்.

மற்ற எல்லா வேலைக்கும் அந்தக் கண்ணாடி பெரிய தொல்லை. கேக் சுடுகிற ஓவனைத் திறந்தால் ஆவி அடித்து ஒன்றும் தெரியாது. வெளியில் வந்தால் மழை. இங்கே ஆனி, ஆடியில் மழை மேலேயிருந்து மட்டும் வராது, மேகமே வீட்டு வாசலுக்கு இறங்கி நிற்கும். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போடுவேன்.

அப்படி ஒரு மழை நாளில்தான் விழுந்தேன். டவுனில் ஒரு கல்யாணம். என் வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். வேனைக் கீழே ரோட்டில் நிறுத்தி, அடித்தட்டுக் கேக்கை முதலில் கொண்டுபோய் வைத்துவிட்டார். மேல்தட்டை நான் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினேன். கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. கையில் கேக் இருந்ததால் துடைக்க முடியவில்லை. இல்லாத படியில் கால் வைத்தேனோ, இருந்த படியை விட்டேனோ, இன்றுவரைக்கும் தெரியவில்லை. முழங்கால் கிழிந்தது. கேக் என் மடியிலேயே நொறுங்கியது. அன்றைக்கு அந்தக் கல்யாண வீட்டில் அடித்தட்டை மட்டும் வைத்து வெட்டினார்கள். பொண்ணோட அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அன்றைக்கு வேனில் திரும்பி வரும்போது, லேசர் வைத்துக் கண்ணாடியை எடுத்துவிடுகிறார்களாமே என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். எனக்கும் அது வெகு நாளாக மனதில் இருந்ததுதான். விசாரிப்போம் என்றார்.

முதலில் கண்டிக்குப் போனோம். அங்கே ஒரு சிங்கள டாக்டர், வயதானவர், நல்ல மனிதர். ஒரு மெஷினுக்குள் தாடையை வைக்கச் சொல்லி என் கண்ணைப் படம் எடுத்தார். கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டரில் இரண்டு வட்டங்கள் வந்தன. பச்சையும் மஞ்சளும், கீழ்ப்பக்கத்தில் கொஞ்சம் சிவப்பும். எனக்கு அது ஏதோ பலகாரத்தட்டு மாதிரிதான் தெரிந்தது. அவர் சிவப்பைத் தொட்டுக் காட்டி, கருவிழி சாதாரணமாக இருக்க வேண்டியதைவிட மெல்லிசாக இருக்கிறது, லேசர் என்பது அதை இன்னும் மெல்லிசாக்குவது, அப்புறம் அது தளர்ந்து முன்னால் புடைத்துக்கொண்டு வந்தால் கண்ணாடி போட்டாலும் சரியாகத் தெரியாது என்று விளக்கினார். செய்ய வேண்டாம், கண்ணைக் கசக்கவும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. ஆனால் பஸ்ஸில் வரும்போது ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன். நான் கண்ணாடியை எடுக்கப் போனேன். அதுவரைக்கும் கண்ணில் இல்லாத ஒரு குறையைக் கேட்டுக்கொண்டு வருகிறேன். அது வியாதியா, வியாதி இல்லையா? இல்லை என்றுதான் அவர் சொன்னார். அப்படியானால் ஏன் கசக்கக்கூடாது? விறகுப் புகையிலேயே வளர்ந்தவள் நான். கண்ணைக் கசக்காமல் இருந்த நாளே கிடையாது. அன்றிலிருந்து கை கண்ணுக்குப் போகும்போதெல்லாம் பயந்து இழுத்துக்கொண்டேன்.

என் மதினி, வீட்டுக்காரருடைய அக்கா, கொழும்பில் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். அவர்தான் போனில் இன்னொரு டாக்டரைப் பற்றிச் சொன்னார். மெல்லிசான கருவிழிக்கும் ஏதோ ஒரு முறை இருக்கிறதாம், தனக்குத் தெரிந்த பிள்ளை ஒன்று செய்துகொண்டதாம். எங்களோடேயே இருக்கிற அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. ஒரு டாக்டர் வேண்டாம் என்று சொன்ன பிறகு இன்னொருத்தரிடம் போவது, நமக்கு வேண்டிய பதிலைத் தேடிப் போகிறதுதானே என்றார். அதுவும் உண்மைதான். ஆனாலும் போனோம்.

கொழும்பு டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். என் வயதைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். நாங்கள் கண்டிப் படத்தைக் கொடுத்ததும் முதலில் அதைத்தான் நெடுநேரம் பார்த்தார். அப்புறம் தானும் ஒரு படம் எடுத்தார்.

"கண்டி டாக்டர் சொன்னதில பிழையில்ல. உங்கட கருவிழி மெல்லிசுதான்," என்றார். "லேசர் எண்டது அதில கொஞ்சத்தைச் சீவி எடுக்கிறது. சீவின கையோட, மிச்சமிருக்கிறதை இறுக்கிற ஒரு சிகிச்சையும் சேர்த்துச் செய்யலாம். வைட்டமின் சொட்டு ஒண்டு விட்டு, அதுக்கு மேல ஒரு வெளிச்சத்தைப் பிடிக்கிறது. அப்பிடிச் செய்தா பின்னுக்குத் தளர்ந்து போற பயம் குறையும்."

"பயமே இருக்காதுங்களா டாக்டர்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"இல்லையெண்டு நான் சொல்லேல்ல. குறையும் எண்டுதான் சொல்லுறன்."

அவர் ஒளிவுமறைவு இல்லாமல்தான் பேசினார். இரண்டையும் சேர்த்துச் செய்கிற முறை புதுசு, ரொம்ப வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆறு மாதம் கழித்து இன்னொரு படம் எடுக்க வேண்டும், கருவிழியின் வடிவம் மாறாமல் இருந்தால் மட்டும்தான் தொடுவேன், மாறியிருந்தால் லேசரை மறந்துவிட்டு இறுக்குகிற சிகிச்சையை மட்டும் செய்ய வேண்டிவரும் என்றார். எனக்குத் தலை சுற்றியது. சீவுகிறார்கள், அதையே இறுக்குகிறார்கள். மெல்லிசாக்கிவிட்டுக் கெட்டியாக்குகிறார்கள். அப்படியானால் கடைசியில் என் கண் முன்னைவிடப் பலமாக இருக்குமா, பலவீனமாக இருக்குமா? கேட்டேன். அது இரண்டும் வேறு வேறு விஷயம் என்று சொல்லி ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். வரைகிற வரைக்கும் புரிந்தது. தாளை மடித்ததும் போய்விட்டது.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "என்ன வேலை செய்யிறீங்கள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், "வீட்லதாங்க இருக்காங்க டாக்டர்," என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. கேட்கிற எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வார். நானும் அப்படித்தான் சொல்வேன். டாக்டர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்துப் போனோம். படம் மாறவில்லை. நாள் குறித்தார்கள்.

அன்றைக்கு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு இப்போதும் வராது. கண் மரத்துப்போகச் சொட்டு விட்டார்கள். இமை மூடாமல் இருக்க ஏதோ ஒன்றை வைத்தார்கள். கருவிழியின் மேல்தோலை வழித்து எடுப்பது தெரிந்தது, வலிக்கவில்லை. ஒரு வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். அது பரவிப் பரவி எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போனது. அப்போது முடி கருகுகிற வாடை வந்தது. என் தலைமுடிதான் எதிலோ மாட்டிக்கொண்டது என்று நினைத்து, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது முடிந்துவிட்டது. அப்புறம் மஞ்சள் சொட்டு. உலகமே மஞ்சள் கரைத்த தண்ணீருக்குள் போனது மாதிரி இருந்தது. அதற்கு மேல் நீல வெளிச்சம். லேசரைவிட அதுதான் நீண்ட நேரம். நர்ஸ் என் தோளில் கையை வைத்து, அசையாமல் இருங்க, இதோ முடிந்துவிட்டது என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். இறுக்குகிறது என்று டாக்டர் சொன்னாரே, இப்போது இறுகிக்கொண்டிருக்கிறதா என்று உள்ளுக்குள் தேடிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த கண்ணுக்கும் அதேதான். புண் ஆறும்வரைக்கும் இரண்டு கண்ணிலும் மெல்லிய லென்ஸ் வைத்துக் கறுப்புக் கண்ணாடி போட்டு அனுப்பினார்கள்.

கொட்டாஞ்சேனை வீட்டில் திரையெல்லாம் இழுத்துவிட்டுப் படுத்திருந்தேன். மரத்தது தெளிந்ததும் வலி வந்தது. கண்ணுக்குள் மிளகாய்த்தூளும் மணலும் கலந்து போட்டது மாதிரி. கண்ணீர் தானாக வழிந்தது. மதினி சோற்றைப் பிசைந்து கையில் உருட்டி வைப்பார், நான் கண்ணை மூடிக்கொண்டே சாப்பிடுவேன். வலியைவிட எனக்குப் பெரிதாக இருந்தது, கண்ணைத் துடைக்கவும் முடியாமல் கசக்கவும் முடியாமல் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான். மதினி ஒரு துணியைக் கொடுத்து அதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

லென்ஸை எடுத்த பிறகு ஊருக்கு வந்தோம். கறுப்புக் கண்ணாடியோடு நான் வேனிலிருந்து இறங்குவதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்கள், கண்நோய் என்று நினைத்துப் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அம்மா ஒவ்வொரு வீடாகப் போய், அது ஒட்டாது, ஆபரேஷன் என்று சொல்லிவிட்டு வந்தார். ஆபரேஷன் என்றதும் எல்லாரும் வந்துவிட்டார்கள்.

தெரிகிறதா என்று எல்லாரும் கேட்டார்கள். காலையில் தெளிவாக இருக்கும், சாயந்திரம் புகை மூட்டம். வலது கண் ஒன்று சொல்லும், இடது கண் வேறொன்று சொல்லும். வெயில் வந்தால் கண்ணைத் திறக்க முடியாது. நல்லவேளை, இந்த ஊரில் வெயில் குறைவு. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டேன்.

ஒரு நாள் காலையில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எதிர் மலையில் பொம்பளைகள் நிரையில் நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி போடாமல் பார்த்தால் அது பச்சையில் சிதறிக் கிடக்கிற கலர்ப் புள்ளிகள்தான். அன்றைக்கு அதில் ஒரு புள்ளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தது, கூடையைத் தூக்கிச் சரிசெய்தது. அம்மா. முகம் தெரியவில்லை, ஆனால் அம்மாதான். என் கண்ணில் கண்ணாடி இல்லை. உள்ளே ஓடிப்போய் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு என்னைவிடச் சந்தோஷம். அன்றைக்கு வேனில் ஏறின பிள்ளைகளிடமெல்லாம் சொல்லியிருக்கிறார்.

அதே வாரத்தில் ஒரு சடங்கு கேக்குக்கு ஆர்டர் வந்தது. டாக்டர் வேலை செய்யலாம் என்று சொல்லிவிட்டார். கேக்கைச் சுட்டேன். ஓவனைத் திறந்தேன், ஆவி முகத்தில் அடித்தது, எல்லாம் தெரிந்தது. சிரிப்பு வந்தது. பிறகு ரோஜா செய்ய உட்கார்ந்தேன். ஐசிங் பையை எடுத்து, வழக்கம்போல முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன்.

ஒன்றும் இல்லை. ரோஸ் நிறத்தில் ஒரு மங்கல், அவ்வளவுதான்.

இன்னும் பக்கத்தில் கொண்டுபோனேன், இன்னும் மங்கலானது. தள்ளிப் பிடித்தேன். கையை நீட்டுகிற அளவுக்குத் தள்ளினால்தான் ஓரளவுக்குத் தெரிந்தது. ஆனால் அங்கே ரோஜா ஒரு குண்டுமணி. இதழ் எது, விளிம்பு எது? வெளிச்சம் போதவில்லையோ என்று ஜன்னலுக்குப் போனேன். கண்ணைக் கழுவினேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், மற்றதை மூடிப் பார்த்தேன். பழைய கண்ணாடியைக்கூடத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தேன், தலை கிறுகிறுத்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆபரேஷன் கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். கண்டி டாக்டர் சொன்ன மாதிரி கருவிழி புடைத்துவிட்டது என்று பயந்தேன். என் வீட்டுக்காரர் வந்ததும் அழுதுகொண்டே சொன்னேன். அவர் என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், கீழே ரோட்டில் வந்த பஸ்ஸைக் காட்டி, போர்டை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"நல்லாத்தானே தெரியுது?" என்றார்.

தெரிகிறதுதான். அவருக்கு எப்படிச் சொல்வது? தூரத்தில் இருக்கிற பஸ் தெரிகிறது, மடியில் இருக்கிற ரோஜா தெரியவில்லை. கிளினிக்குக்குப் போன் செய்தோம். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றார்கள். அந்தச் சடங்கு கேக்குக்கு, கடையில் விற்கிற சீனிப் பூக்களை வாங்கி ஒட்டிக் கொடுத்தேன். பொண்ணோட அப்பா கேக்கை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ரொம்ப அழகா இருக்குங்க என்றார். அவர் என் ரோஜாவைப் பார்த்ததே இல்லை.

அடுத்த தவணைக்குக் கொழும்பு போனோம். தூரத்து எழுத்துகளைக் கடைசி வரிக்கு முந்தின வரி வரைக்கும் வாசித்தேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டருக்குத் திருப்தி. நல்லா வந்திருக்கு என்றார். நான் எழுந்திருக்கவில்லை.

"டாக்டர், நான் கேக் செய்றவளுங்க," என்றேன். "சின்னச் சின்னப் பூ. கண்ணுக்குக் கிட்ட வச்சுத்தான் செய்வேன். இப்ப அது தெரியலைங்க."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். எவ்வளவு கிட்ட என்று கேட்டார். காட்டினேன். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார். இப்போது கிட்டத்தில் மங்கலாக இருப்பதில் ஒரு பங்கு, இறுக்கிய சிகிச்சையால் கருவிழி நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தட்டையானதால் வந்தது. அது மெல்ல மெல்லத் திரும்பும். புத்தகம் வாசிக்க, தைக்க, எல்லாரையும் போல வரும். "ஆனா நீங்கள் காட்டின அந்தக் கிட்டம் இருக்கெல்லே, அது உங்கட கிட்டப்பார்வையாலதான் இருந்தது. அதை எடுத்தாச்சு. அது திரும்பி வராது அம்மா."

எனக்குக் கோபம் வரவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் குறை, குறை என்று எல்லாரும் சொன்ன ஒன்று. அதைத் தீர்த்துவிட்டார்கள். அந்தக் குறைக்குள்ளேயேதான் என் ரோஜாவும் இருந்தது என்றால், எதைத் தீர்த்தார்கள்? டாக்டரும் முதலிலேயே தெரிந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பேன் என்றார். சொல்லியிருந்தால் செய்திருக்க மாட்டேனா என்று யோசித்தேன். மழையில் உடைந்த கேக் ஞாபகம் வந்தது. செய்திருப்பேன் என்றும் தோன்றியது, இல்லை என்றும் தோன்றியது.

திரும்பி வரும்போது அவிசாவளை தாண்டியிருந்தது. என் வீட்டுக்காரர், "நீ கேக் செய்றவள்னு நான் சொல்லியிருக்கணும்," என்றார். நானும்தான் சொல்லவில்லை என்றேன்.

டாக்டர் சொன்னபடியே நடந்தது. மாதங்கள் போகப் போகக் கிட்டத்துப் பார்வை தெளிந்தது. போனில் மெசேஜ் வாசிக்கிறேன், ஊசியில் நூல் கோக்கிறேன். ஹட்டனில் போன் திருத்துகிற கடையில், வட்டமாகப் பெரிய பூதக்கண்ணாடி பொருத்திய மேசை விளக்கு ஒன்றைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி ஒன்றை என் வீட்டுக்காரர் வாங்கிவந்து மாட்டிக் கொடுத்தார். முதலில் அதற்குக் கீழே கை வேறெங்கோ போனது. கண் ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம். பழக நெடுநாள் பிடித்தது. இப்போது ரோஜா செய்கிறேன். பழையதைவிடப் பெரிதாக வருகிறது. ஆட்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை, கேட்டால் இதுதான் நல்லா இருக்கு என்கிறார்கள். எனக்கு விளக்கை அணைத்த பிறகு, அது நான் செய்ததா என்று சந்தேகம் வரும்.

இன்னும் வருஷத்துக்கு ஒரு தரம் படம் எடுக்கப் போகிறேன். பச்சை, மஞ்சள், சிவப்பு. இறுக்கினது இறுக்கினபடியே நிற்கிறது என்கிறார் டாக்டர். அதைக் கேட்கும்போது நிம்மதியாக இருக்கிறது. நிற்கிறது என்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் இன்னும் ஒரு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டு வருவேன். வீட்டுக்கு வருவதற்குள் குழம்பிவிடும்.

போன மாதம் கொத்மலைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குக் கேக் கொண்டுபோனோம். மழை இல்லை. ஒரு வளைவில் திரும்பும்போது, கீழே மலைகளுக்கு நடுவில் வெள்ளையாக, அகலமாக ஏதோ படுத்துக் கிடந்தது. மேகம் இறங்கியிருக்கிறது என்று நினைத்து, அங்கே மழை போல, பார்த்து மெதுவாக ஓட்டுங்க என்றேன்.

"அது மேகமில்ல, தண்ணி," என்றார் அவர். "நம்ம கொத்மலைக் குளந்தான். எத்தன தடவ இந்த வழியா வந்திருக்கோம்."

அப்போதெல்லாம் என் கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும், நான் துடைத்துக்கொண்டிருப்பேன். வேனை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். கேக்குக்கு நேரமாகிறது என்றார், ஆனாலும் நிறுத்தினார். நான் மடியில் இருந்த பெட்டியைப் பிடித்தபடியே பார்த்தேன். தண்ணீரின் விளிம்பு தெரிந்தது, அதற்கு அப்பால் ஒரு ரோடும் அதில் ஒரு லொறி ஏறிப் போவதும் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போகலாம் என்றேன்.